தந்தி அண்ணன் வண்டியில் வைத்த சாக்கெட்

செத்தவர் பிழைத்து எழுந்துவிட்டால், அந்தச் சேதியை உடனே வாங்கிக்கொள்ள எப்போதும் தயாராக இருந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் குடியிருந்தார். இதற்காகவே தன் மோட்டார் சைக்கிளின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு சாக்கெட் மாட்டி, சாக்கெட்டில் சார்ஜரைச் சொருகி, சார்ஜரில் போனைச் சொருகி வைத்திருந்தார். இன்றைக்குப் பைக்கில் சார்ஜர் வைக்காத பையன் இல்லை. வழி பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருக்கிறார்கள். எமன் மனசு மாறிக் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவதற்காக வைத்தவர் இவர் மட்டும்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அது ரேஷன் கடைக்கும் மில்லுக்கும் மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் தந்தி. எங்களுக்குத் தந்தி அண்ணன். தந்தி என்று வாசலில் குரல் கேட்டதும், பிரித்துப் பார்க்காமலே அழுதார்களே ஒரு காலத்தில், அந்த ஞாபகத்தில் யாரோ வைத்த பெயர். எங்கள் தெருவில் யார் செத்தாலும் ஊர் ஊராகப் போய்ச் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லுகிற ஆள் அவர்தான். யாரும் நியமிக்கவில்லை. கூலியும் கிடையாது. மில்லில் வாரத்தில் பாதி நாள் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி இருந்தது, வழி தெரியும், எவ்வளவு பெரிய ஒப்பாரிக்கு முன்னாலும் ஆடாமல் நிற்பார். அதனால் வேலை அவரிடமே தங்கிவிட்டது.

ஆளுக்கு ஒரு போன் வந்துவிட்ட காலத்தில் சேதி சொல்ல ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் வந்து கேட்காதீர்கள், வம்பாகிவிடும். சாவுச் சேதியை ஆள் விட்டுத்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் அவமரியாதை. ஒருமுறை அவசரத்துக்கு ஒரு வீட்டில் பங்காளிக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டார்கள். "செல்லுல சொன்ன இல்ல? நாங்களும் செல்லுலயே அழுதுட்டு வச்சிடறோம்" என்று பதில் வந்தது. சொன்னபடி அழுதுவிட்டு வைத்தும் விட்டார்கள். அதிலும் செத்தது பெண் என்றால், அவள் பிறந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லி, அவர்கள் கோடிப் புடவையோடு வந்து போர்த்திய பிறகுதான் உடம்பை எடுக்கலாம். அதுவரை மேளக்காரர், பூக்காரர், பாடை கட்டுகிறவர் எல்லோரும் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சொல்லப் போகிறவருக்கும் சட்டதிட்டம் உண்டு. வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. தந்தி அண்ணன் இதில் மகா கறார். கத்திரி வெயிலில் பாகூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பும்போது ஆள் வற்றலாகியிருப்பார். தெருமுனையில் நான் செல்போன் கடை வைத்திருந்தேன். ரீசார்ஜ் கூப்பன், பவுச், பேட்டரி, தண்ணீரில் விழுந்த போனுக்கு வைத்தியம். அங்கே வண்டியை நிறுத்தி, என் பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பார். குடித்து முடித்த பிறகுதான் பேச்சு வரும்.

வீட்டில் சரோஜா அக்கா. கனகசெட்டிக்குளத்து மீனவக் குடும்பத்துப் பெண். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். இவர் திரும்பி வந்ததும், "ஊரு சாவெல்லாம் ஏத்திக்கினு வந்து என் வாசல்ல எறக்கறியா? அங்கியே நில்லு!" என்று கத்துவார். ஒரு வாளித் தண்ணீரைத் தெருவிலேயே அவர் தலையில் கவிழ்த்த பிறகுதான் உள்ளே விடுவார். பிள்ளைகள் இல்லை. சண்டை போட இவருக்கு அவர், அவருக்கு இவர்.

இப்போது மேஸ்திரி மாமா விஷயத்துக்கு வருகிறேன். கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். தெருவில் கல்யாணமோ கருமாதியோ, முன்னால் நின்று ஆளை ஏவுகிறவர் அவர்தான். சர்க்கரை வியாதிக்காரர். ஒருநாள் காலையில் மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார். அடுப்படிப் பக்கம், குசினி வாசலில் விழுந்தார். கூப்பிட்டார்கள், தட்டினார்கள், அசைவில்லை. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வந்த கிழவர் ஒருவர் உண்டு. சொல்தா என்போம். ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. அவர் வந்து மேஸ்திரியின் கையைப் பிடித்துப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, "ஃபினி" என்றார்.

முடிந்தது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டால் எங்கள் தெருவில் அப்பீலே கிடையாது. அழுகை கிளம்பியது. தந்தி அண்ணனும் கிளம்பினார்.

அவர் வில்லியனூர் தாண்டுவதற்குள் இங்கே மேஸ்திரியைக் குளிப்பாட்ட உட்கார வைத்து, நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். யாரோ வழக்கப்படி வாயில் சர்க்கரைத் தண்ணீரையும் விட்டிருக்கிறார்கள். அதில்தான் உயிர் வந்ததா, குளிரில் வந்ததா தெரியாது. மேஸ்திரி தலையைச் சிலுப்பிக்கொண்டு, "எவன்டா அவன், காதுல ஊத்தறது?" என்றார். பாதிப் பேர் சுவரேறிக் குதித்தார்கள். மீதிப் பேர் தந்தி அண்ணனுக்குப் போன் அடித்தார்கள். அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவருடைய போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

அவர் பாட்டுக்கு ஊர் ஊராகப் போய் மேஸ்திரியைச் சாகடித்துக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் வேன் வேனாகச் சனம் வந்து இறங்கியது. மாலையோடு வந்தவர்கள் எதிரே மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க" என்று வரவேற்றார். ஒரு மாமி பாதி ஒப்பாரியில் அவரைப் பார்த்து, நிறுத்துவதா முடிப்பதா என்று தெரியாமல் முடித்துவிட்டே கண்ணைத் துடைத்தார். தெருவே சிரித்தது. சாயங்காலம் தந்தி அண்ணன் வந்து சேர்ந்து, மேஸ்திரியைப் பார்த்தபோது இன்னும் சிரித்தோம்.

அப்போதுதான் பாகூரிலிருந்து மேஸ்திரியின் அக்கா மகன் வந்தான். தம்பி செத்த சேதியைக் கேட்டதும் அவன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார்களாம். நெஞ்சைப் பிடித்தார்களாம். எழுந்திருக்கவில்லை. தந்தி அண்ணன் வண்டியைத் திருப்பித் தெருவைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

வந்த மாலைகள் வீணாகவில்லை. அதே வேன்கள் அதே மாலைகளோடு பாகூருக்குத் திரும்பின. முன்வேனில், காலையில் செத்த மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

அக்கா மகன் தந்தி அண்ணனின் சட்டையைப் பிடித்தான். மேஸ்திரிதான் விலக்கிவிட்டார். "உட்ரா. அவன் இன்னாடா பண்ணுவான்? போன்ல சார்ஜ் இல்ல" என்றார். பெரிய மனசோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை தந்தி அண்ணனின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். கையில் எங்கோ உடைத்துப் போட்ட டாக்சியிலிருந்து பிடுங்கி வந்த சிகரெட் லைட்டர் சாக்கெட். "கார்ல சொருகற சார்ஜர் வச்சிருக்கியா?" என்றார்.

"இருக்குண்ணே. ஆனா பைக்குக்கு எதுக்கு? கெளம்பறதுக்கு முன்ன வீட்லயே ஃபுல்லா ஏத்திக்கலாமே?"

"நேத்து ஏத்திக்கினுதான் போனேன். பழைய பேட்டரி. நடுவுல பூடுச்சி." சாக்கெட்டின் துருவைச் சட்டையில் துடைத்தார். "போனு உயிரோட இருந்திருந்தா பாகூர் அக்கா உயிரோட இருந்திருக்கும்டா."

நான் சார்ஜரை எடுத்துக் கொடுத்தேன்.

ஒயரிங் அவரே செய்தார். அவருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம். பேட்டரியிலிருந்து நேராக ஒயரை இழுத்து, பெட்ரோல் டாங்குக்கு அடியில் நுழைத்துச் சாக்கெட்டில் முடிந்துவிட்டார். ஃபியூஸ் போடுங்கள் என்றேன். "அது எதுக்கு நடுவுல?" என்றார். அடுத்த சாவுக்கு வில்லியனூரில் ஒரு வீட்டு வாசலில் நின்று சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பின்னால் ஹேண்டில் திரும்புகிற இடத்தில் ஒயர் தேய்ந்து வண்டி புகைகிறது. வீட்டுக்காரர்கள் குடத்தோடு ஓடி வந்து முதலில் வண்டியை அணைத்தார்கள், அப்புறம்தான் அழுதார்கள். அன்றைக்கே ஃபியூஸ் வந்தது.

அடுத்த கோளாறு போனை வைக்கும் இடம். முதலில் சட்டைப் பையில் வைத்திருந்தார், சார்ஜர் ஒயர் வண்டியிலிருந்து நெஞ்சுக்கு வந்தது. இறங்கி வாசலை நோக்கி நடந்து, முகத்தைத் தாழ்த்தி, "மாமா..." என்று ஆரம்பிக்கும்போது ஒயர் இழுத்துப் பின்னால் கொண்டுபோகும். ஒரு வீட்டில் இவர் முன்னே வருவதையும் பின்னே போவதையும் பார்த்துவிட்டுச் சாராயம் போட்டிருக்கிறார் என்று நினைத்து விரட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு டாங்கின் மேல் ஒரு பவுச் தைத்து, போனை அதில் வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டினார். ஒயரையும் கையளவுக்கு வெட்டிச் சுருக்கிவிட்டார். போன் வந்தால் வண்டியின் மேல் குனிந்துதான் பேச வேண்டும். மழைக்குப் பால் கவர் போட்டு மூடுவார்.

வண்டி ஓடும்போதுதான் சார்ஜ் நன்றாக ஏறும், நிறுத்தினால் அந்தச் சின்ன பேட்டரி இறங்கிவிடும் என்று நான் ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து சேதி சொல்லப் போகிற வீட்டு வாசலில் வண்டியை அணைப்பதில்லை. இறங்கியதும் சொல்வதும் இல்லை. போனையே பார்த்துக்கொண்டு ஒரு பீடி நேரம் நிற்பார். நிறுத்து, திரும்பி வா, ஆள் பிழைத்துவிட்டது என்று கூப்பிடுவதற்கு அவர் கொடுத்த அவகாசம் அது. கூப்பிடவில்லை என்றால்தான் வாசலை நோக்கி நடப்பார். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த இடைவெளி நரகம். தெருவில் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி நின்றபடியே டுபுடுபு என்று ஓடுகிற சத்தம் கேட்டால், யார் என்று தெரியாமலே பொதுவாக அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

இதனால் வந்த வினையைக் கேளுங்கள். சரோஜா அக்காவின் தம்பி குமார், கனகசெட்டிக்குளத்தில் படகு வைத்திருக்கிறவன், தன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தான். பத்திரிகை கொடுக்கத் தந்தி அண்ணன் அந்தப் பெண்ணின் தாய்மாமன் வீட்டுக்குப் போனார். பழக்கதோஷத்தில் வண்டியை அணைக்காமல் நின்று ஒயரைச் சரிசெய்திருக்கிறார். உள்ளிருந்து இரண்டு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்து அவர் காலடியில் விழுந்தார்கள். தாம்பாளத்தை நீட்டினால் வாங்க ஆளில்லை. அதன்பிறகு நல்ல காரியங்களுக்கு என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போவார்.

அந்தச் சாக்கெட்டில் போன் சொருக எங்கள் தெருவில் யாருக்கும் தைரியம் கிடையாது. எமன் கரண்ட் என்பார்கள். ஒரு புயலில் கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. எல்லார் போனும் செத்துக் கிடந்தன. தந்தி அண்ணன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, ஓடவிட்டு, "வாங்க, வந்து போட்டுக்குங்க" என்று கூவினார். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார்களே தவிர ஒருவரும் வரவில்லை. கடைசியில் சரோஜா அக்காதான் இறங்கி வந்தார். "என் புருசன் வண்டியில கரண்டு வருதுடா, பேய் வரல!" என்று கத்திவிட்டுத் தன் போனைச் சொருகினார். அப்புறம் நின்ற வரிசை என் கடை வரைக்கும் நீண்டது. தந்தி அண்ணன் அன்று முழுக்கப் பெட்ரோலைக் கொட்டி வண்டியை முறுக்கிக்கொண்டே நின்றார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு, அது ஒன்று.

சரோஜா அக்கா அவரை என்ன திட்டினாலும் ஒரு காரியம் தவறாமல் செய்வார். இவர் சேதி சொல்லப் போன ஒவ்வொரு முறையும் பாதி வழியில் ஒரு போன் அடிப்பார். "இன்னா?" என்று இவர் வண்டி மேல் குனிந்து கத்துவார். "ஒண்ணுமில்ல. வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பார் அக்கா. வைத்துவிடுவார். அந்த ஒரு ரிங் வந்துவிட்டால் போதும், தந்தி அண்ணன் முகம் தெளிந்து வண்டியை முறுக்குவார்.

அந்த அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி, அப்புறம் ஆஸ்பத்திரி. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, அந்தக் கடற்கரைக் குரல் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காமல் போனது. ஒருநாள் விடியும்போது போய்விட்டார். டாக்டர் சொன்னதும் தந்தி அண்ணன், "நல்லா பாத்தீங்களா?" என்றார். பார்த்தாயிற்று என்றார். இவர் குனிந்து அக்காவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். நர்சு வந்து தோளைத் தொடும் வரைக்கும் எடுக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். மேஸ்திரி மாமா பந்தலுக்கு ஆள் ஏவினார், மேளத்துக்கு ஆள் ஏவினார். "கனகசெட்டிக்குளத்துக்கு யாரு போறது?" என்று கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். தந்தி அண்ணன் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீ உக்காருப்பா. புருசன் போவக்கூடாது."

"வேற யாரு போவா?"

"இத்தினி பசங்க கீறானுங்க..."

"இவனுங்க போனா நின்னு பாக்க மாட்டானுங்க மாமா. போன உடனே சொல்லிடுவானுங்க."

மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. உயிரோடு எழுந்து வந்தவர் அல்லவா. மறுபேச்சுப் பேசாமல், பின்னால் உட்கார்ந்து போ என்று எனக்குக் கண் காட்டினார்.

அவ்வளவு மெதுவாக அந்த வண்டி போய் நான் பார்த்ததில்லை. கோட்டக்குப்பத்தில் சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. போன் பவுச்சில் இருந்தது, சார்ஜர் சொருகி இருந்தது, விளக்கு எரிந்தது. அவர் சாலையைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார்.

"டாக்டரு நல்லா பாத்திருப்பாரு இல்ல?"

"பாத்தாருண்ணே."

"சொல்தாவும் நல்லாதான் பாத்தாரு."

காலாப்பட்டில் பல்கலைக்கழகத்து மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினார். அணைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "உன் போன்லேர்ந்து இதுக்கு ஒரு ரிங் குடு" என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. பாதி வழி தாண்டியாகிவிட்டது. வழக்கமாக வருகிற ரிங் வரவில்லை. அடித்தேன். அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை, அது அடித்து ஓயும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். "செய்யுது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

குமார் வீட்டு வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பது அவனுக்குத் தெரியும். வண்டியைப் பார்த்தான். அது அணையாமல் ஓடுவதைப் பார்த்தான். வலையை விட்டுவிட்டு எழுந்தான். தந்தி அண்ணன் வழக்கம்போல ஒரு பீடி நேரம் போனைப் பார்த்து நின்றார். பிறகு, வாசலில் நிற்காமல், நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தண்ணி குடு குமாரு" என்றார்.

குமார் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். சாவு சொல்ல வந்தவன் தண்ணீர் கேட்க மாட்டான். சொம்பு வந்தது. தந்தி அண்ணன் அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். எத்தனை வீட்டு வாசலில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றவர், எத்தனை பேர் நீட்டியும் மறுத்தவர்.

"பயந்தே பூட்டேன் மாமா. அக்கா எப்படி கீது?"

"தூங்குது."

"சாயங்காலம் வரலாம்னு இருந்தேன். வஞ்சிரம் கெடச்சிருக்கு. கொழம்பு வச்சி எடுத்துக்கினு வரட்டா? டாக்டரு வேணாம்பாரா?"

"வேணாம்னுதான் சொல்லுவாரு" என்றார் தந்தி அண்ணன்.

இப்படியே பேசினார்கள். கடல் எப்படி, டீசல் என்ன விலை, குமாரின் சின்ன மகள் பள்ளிக்கூடம் போகிறாளா. அவர் சொல்லாத வரைக்கும் அங்கே அக்கா சாகவில்லை. இவர்கள் கோடி எடுத்து வராத வரைக்கும் நெல்லித்தோப்பில் உடம்பை எடுக்க முடியாது. வாசலில் வண்டி டுபுடுபு என்று ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது.

தந்தி அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். துண்டு விழுந்தது. நானும் ஓடினேன். திரையில் மேஸ்திரி மாமா பேர். எல்லாரும் கைவிட்ட பிறகு எழுந்து வந்த ஒரே மனிதர் கூப்பிடுகிறார். தந்தி அண்ணன் முகத்தில் அப்போது தெரிந்த ஆசையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். குனிந்து காதில் வைத்தார்.

மேஸ்திரி மாமா போனில் பேசினால் போனே தேவையில்லை, அவ்வளவு சத்தம். "சொல்லிட்டியாப்பா? கோடி எப்ப வருது? தண்ணி ஊத்தணும்."

"நல்லா பாத்தியா மாமா?"

"இன்னாப்பா?"

"கைய தொட்டுப் பாரு மாமா. சூடு கீதா பாரு. நீயும் இப்படித்தான கெடந்த."

மேளச் சத்தத்துக்கு நடுவே மேஸ்திரியின் குரல், முதல்முறையாகத் தணிந்து வந்தது. "பாத்துட்டேன்யா. உன்னாலதான் ரெண்டு வாட்டி பாத்தேன். ஒண்ணுமில்லய்யா. நீ சொல்லிட்டு வா."

குமார் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். "மாமா, யாருக்கு?" என்றான். "யாரு மாமா?" தந்தி அண்ணன் வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் சொன்ன வாய் அது, ஒரு சத்தமும் வரவில்லை. கையிலிருந்த போனை அவன் பக்கம் நீட்டினார். ஒயர் எட்டவில்லை. குமார் ஹேண்டில்பார் மேல் குனிந்து, அந்தக் குட்டை ஒயரின் முனையில் காதை வைத்து, அக்கா செத்த சேதியைக் கேட்டுக்கொண்டான்.

போனில் சொல்லக் கூடாது என்று வாழ்ந்த மனிதர், தன் வீட்டுச் சாவைப் போனில்தான் சொன்னார். குமார் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. வலை மேல் விழுந்து அழுதான். தந்தி அண்ணன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி அணைந்தது. சேதி சொல்லப் போன வாசலில் அவர் அதை அணைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோடி வந்தது. எடுத்தோம்.

அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தோம். விடவில்லை. அடுத்த சாவுக்கே கிளம்பிவிட்டார். ஆனால் வாசலில் காத்து நிற்பதை நிறுத்திவிட்டார். "நின்னுகினு இருந்தா உள்ள கீறவங்களுக்குத்தான்டா கஷ்டம்" என்றார். சாக்கெட்டை மட்டும் கழற்றவில்லை. போன் அதிலேயே சொருகி இருக்கும். நான் கடையிலிருந்து ஒரு கணக்குப் போட்டு, பாதி வழியில் இருப்பார் என்று தோன்றும்போது ஒரு ரிங் கொடுப்பேன். "இன்னாடா?" என்று கத்துவார். "ஒண்ணுமில்லண்ணே, வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பேன். முதல் தடவை வண்டியை முறுக்குகிற சத்தம்தான் பதிலாக வந்தது. பிறகு வாடிக்கையாகிவிட்டது.

அவரும் ஒருநாள் போனார். மில்லிலிருந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் பார்த்தார், நான் பார்த்தேன், மேஸ்திரி மாமா தள்ளாடி வந்து கையைத் தொட்டு இரண்டு முறை பார்த்தார். குமாருக்குச் சொல்ல நான் போனேன், அவருடைய வண்டியிலேயே. அவர் போன் பவுச்சில் இருந்தது. சார்ஜரைச் சொருகினேன், விளக்கு எரிந்தது.

காலாப்பட்டில் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அணைக்கவில்லை. என் போனை எடுத்து அவர் நம்பருக்கு ஒரு ரிங் கொடுத்தேன். டாங்கின் மேல் அது அடித்தது.

ஒன்றுமில்லை அண்ணே. வேலை செய்கிறதா என்று பார்த்தேன்.